இலையில் பழுப்புப் புள்ளியா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்ற வைகாசியில் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா, அரிகா பாம் ஓலை ஒன்றைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நுனியெல்லாம் பழுப்பேறிக் காய்ந்திருந்தது. நடுவிலும் துருப்பிடித்தது போல் ஆங்காங்கே புள்ளிகள். “ஏனுங்க, ஐந்து முறை மருந்து அடித்துவிட்டேன். இன்னும் எதை அடிக்க வேண்டும்?” என்று கேட்டார். கடையில் எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினார். பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, வளர்ச்சி ஊக்கி மூன்றையும் ஒரே வாளியில் கலந்து அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நோய் என்னவென்று பிடிபடாதபோது எழுதப்படும் சீட்டு அப்படித்தான் இருக்கும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரை ஒரு சொட்டுகூட வீணாக்காமல் செடிகளுக்கே விடுவதாகப் பெருமையோடு சொன்னார். அவர் வீட்டுப் போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவு, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,400 மில்லிகிராம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் குடிநீராகத் தருகிறது. அந்தப் பங்கில் இருந்த உப்பும் மீதித் தண்ணீரோடு சேர்ந்துவிடுகிறது. மறுநாள் கொண்டுவந்த தண்ணீரில் மீட்டரை வைத்தேன். 1,900-ஐத் தாண்டியது. மூன்று வருடமாக அந்தச் செடிகள் குடித்தது இதைத்தான்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியாக ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை, இலையின் நுனியிலும் ஓரத்திலும் போய்த் தங்கி அந்த இடத்தைக் கருக்குகிறது. அதனால்தான் அதிக நாள் உப்புச் சேர்ந்த அடி ஓலைகள் முதலில் காய்கின்றன, குருத்து பச்சையாகவே இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அரிகா பாம், டிரசீனா இரண்டும் ஃபுளோரைடையும் தாங்காதவை. அவற்றின் தொட்டியில் சூப்பர் பாஸ்பேட் போடுவதைத் தவிர்க்கலாம். தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்துவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குளோரின் ஓரளவு போகும். உப்பு அப்படியே இருக்கும்.

கொங்குப் பகுதியில் நான் பார்க்கும் பழுப்பு இலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இது குறைவு. வீடு மாறிப் போர் தண்ணீருக்கு வந்த ஆறே மாதத்தில் அதே செடி கருகுவதைப் பார்த்திருக்கிறேன். கழுவாத தென்னை நார்க் கழிவும் இதே வேலையைச் செய்யும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்குகிறவர்கள், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு தொட்டியில் போடுங்கள்.

இனி, உண்மையான நோய்க்கு வருவோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போதும், ஐப்பசி மழையிலும் இலை மணிக்கணக்கில் ஈரமாக இருக்கிறது. பூஞ்சை முளைக்க அதுவே போதும். இட்லிப்பூச் செடியின் இலையைப் பாருங்கள்: வட்டமான புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நடுவே மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் பொட்டுகள். ஐயம் தீர எளிய வழி ஒன்று உண்டு. புள்ளியின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போடுங்கள். ஐந்து நாளில் கோட்டைத் தாண்டினால் அது வளரும் நோய். தாண்டாவிட்டால் வெயில் சுட்ட தழும்பாக இருக்கலாம். பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை நர்சரியிலிருந்து வாங்கி வந்த அன்றே மேற்குப் பார்த்த பால்கனியில் வைப்பவர்களுக்கு அந்தத் தழும்பு நன்றாகவே தெரியும்.

பாக்டீரியாவின் குணம் வேறு. புள்ளி எண்ணெய்க் கறை போல் ஈரமாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும். நரம்பு தடுக்கும் இடத்தில் நின்று கோணலாக இருக்கும். புள்ளியின் ஓரத்தை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடித்தால், பல சமயம் வெட்டிய முனையிலிருந்து பால் போல் மெல்லிய இழை இறங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த ஒரு நிமிடச் சோதனையை நான் செய்யவில்லை. ஒரு வீட்டு அக்லோனிமாக்களுக்குப் பூஞ்சை என்று நினைத்து இரண்டு வாரம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தேன். அது பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பதினோரு தொட்டிகளில் மிஞ்சியவை நான்கு. இன்றைக்கென்றால் நோய் முற்றிய செடிகளை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்தச் சொல்லியிருப்பேன்.

பூஞ்சை என்று உறுதியானால் முதல் மருந்து கத்தரிக்கோல்தான். புள்ளி விழுந்த இலைகளை வெட்டி எரியுங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தொட்டிகளுக்கு இடைவெளி விட்டு, தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் தூரில் ஊற்றுங்கள். அதன் பிறகும் பரவினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மான்கோசெப் 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம், இரண்டில் ஒன்று போதும். இலையின் அடிப்பக்கமும் நனைய, வெயில் தாழ்ந்த பிறகு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து அடியுங்கள். வீட்டுக்குள் வேண்டாம்; பக்கத்தில் துளசி, கறிவேப்பிலை இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள். இந்த மருந்துகள் நல்ல இலையைக் காப்பவை. விழுந்த புள்ளி மறையாது. ஈரோட்டுக்காரர்கள் சிலர் மஞ்சள் தூளைத் தூவிவிட்டு வருகிறார்கள். விளைகிற ஊர்ப் பாசம் புரிகிறது. புள்ளி குறைந்ததை நான் பார்த்ததில்லை.

திருப்பூர் அம்மாவுக்கு மருந்தே எழுதவில்லை. ஒவ்வொரு தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடச் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. மழைநீரை ஒரு டிரம்மில் பிடிக்கிறார். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் இப்போது வாசல் கழுவப் போகிறது. கருகிய ஓலைகள் பச்சையாகவில்லை, ஆகவும் செய்யாது. அதன்பின் விரிந்த இரண்டு ஓலைகளும் நுனிவரை பச்சையாக இருக்கின்றன.

செடியைக் காட்ட வருகிறவர்கள் கைப்பேசிப் படத்தோடு நிறுத்தாதீர்கள். அடி இலை ஒன்று, நடு இலை ஒன்று, செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். கூடவே, நீங்கள் ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலில்.