ஃப்ரீபிஎஸ்டியில் ஃபிளாஷ் ஓடிய கதை

2000களின் பிற்பகுதியில் இணையத்தில் வீடியோ என்றால் பெரும்பாலும் ஃபிளாஷ்தான். யூடியூப் உட்பட எல்லாமே, உலாவியோடு சேர்ந்து இயங்கும் அந்தத் துணை நிரலை, அதாவது செருகுநிரலை, நம்பியிருந்தன. அடோபி அதை விண்டோஸ், மேக், லினக்ஸ், சோலாரிஸ் ஆகியவற்றுக்கு வெளியிட்டது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு வெளியிடவே இல்லை. ஆனாலும் ஃப்ரீபிஎஸ்டி வைத்திருந்தவர்கள் தங்கள் ஃபயர்ஃபாக்ஸில் வீடியோ பார்த்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது லினக்ஸுக்காக அடோபி தந்த அதே கோப்பு. அதில் ஒரு பைட்டைக்கூட அவர்கள் மாற்றவில்லை. மாற்றவும் வழியில்லை, மூலநிரல் அடோபியிடம் மட்டுமே இருந்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதை அறிய, செருகுநிரல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவியோடு என்பிஏபிஐ என்ற இடைமுகம் வந்தது. பிடிஎஃப் ஆவணங்களை உலாவிக்குள்ளேயே காட்ட வேண்டும் என்ற அடோபியின் விருப்பத்தில் அது பிறந்தது. அதன் விதிகள் எளியவை. பக்கத்தில் தனக்குத் தெரியாத வகைத் தரவு ஒன்று வந்தால், அந்த வகையைக் கையாளத் தெரிந்த லைப்ரரி (வேறொரு நிரல் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல்கோப்பு) எது என்று உலாவி தன் பட்டியலில் தேடும். அதைத் தன் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றும். பிறகு அதிலுள்ள சில செயற்கூறுகளை அழைக்கும்: தொடங்கு, இதோ உனக்கான சாளரம், இதோ தரவு, போதும் நிறுத்து. செருகுநிரலும் தன் பங்குக்கு, இந்த முகவரியிலிருந்து கோப்பை எடுத்துத் தா என்று உலாவியைக் கேட்கலாம்.

இந்த இடைமுகம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஃப்ரீபிஎஸ்டியின் ஃபயர்ஃபாக்ஸும் அதை முழுமையாக அறிந்திருந்தது. சிக்கல், ஏற்றப்படும் லைப்ரரிக்குள் இருந்தது. அது லினக்ஸுக்காகத் தொகுக்கப்பட்ட இயந்திர மொழி.

இரண்டு இயங்குதளங்களும் ஒரே வகை இன்டெல் செயலியில் ஓடும்போது, கூட்டல், பெருக்கல், தாவல் போன்ற கட்டளைகளில் வேறுபாடு கிடையாது. ஆனால் கோப்பைத் திறக்கவும், வலையில் தரவு அனுப்பவும், நினைவகம் பெறவும் நிரல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. 64 பிட் லினக்ஸில் 1 என்ற எண்ணுக்கு ‘எழுது’ என்று பொருள். ஃப்ரீபிஎஸ்டியில் அதே 1, ‘இந்த நிரலை முடித்துவிடு’. பதிலாக வரும் பிழை எண்களும் இப்படித்தான். லினக்ஸில் 11 என்றால் ‘இப்போது தரவு இல்லை, மறுபடி முயன்று பார்’. 35 என்றால் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து முடங்கும் நிலை. ஃப்ரீபிஎஸ்டியில் இவ்விரண்டும் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. இப்படி ஒரு எண் பிசகினாலும் வீடியோ நின்றுவிடும்.

இதற்கு ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் விடை லினக்சுலேட்டர். பெயரைக் கேட்டால் எமுலேட்டர் போலத் தோன்றும். அது எமுலேட்டர் அல்ல. கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடிக்கும் வேலை எதையும் அது செய்வதில்லை. செயலி அவற்றை நேரடியாகவே இயக்குகிறது. நிரல் தொடங்கும்போது, கோப்பின் தலைப்பகுதியில் உள்ள அடையாளங்களை வைத்து இது லினக்ஸ் நிரல் என்று கர்னல் கண்டுகொள்ளும். அந்த நிரலிடமிருந்து வரும் எண்களுக்கு மட்டும் லினக்ஸின் அட்டவணையைப் பார்க்கும். திருப்பி அனுப்பும் பிழை எண்ணையும் மாற்றிக் கொடுக்கும். அந்த நிரல் ஒரு கோப்பைத் தேடினால், லினக்ஸ் லைப்ரரிகள் நிறுவப்பட்டிருக்கும் தனி அடைவில் முதலில் பார்க்கும். ஃபிளாஷ் 9, 10 பதிப்புகளுக்குப் ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருங்கே ஓட்டும் புதிய லினக்ஸின் இழை வசதிகள் தேவைப்பட்டன. அதனால் தன்னை லினக்ஸ் 2.6.16 என்று கர்னல் அறிவித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதோடு வேலை முடியவில்லை. மேற்கண்ட மாற்றம் ஒரு நிரல் முழுமைக்கும் பொருந்துவது. ஃபயர்ஃபாக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த நிரல். அதன் நினைவகத்துக்குள் லினக்ஸ் லைப்ரரியை ஏற்றினால் பாதி நிரல் ஒரு மொழியிலும் மீதி இன்னொரு மொழியிலும் கர்னலிடம் பேசும். அது நடக்காது.

இங்கே என்எஸ்பிளகின்ராப்பர் வருகிறது. குவெனோலே போஷேன் என்பவர் எழுதியது. 32 பிட் செருகுநிரலை 64 பிட் லினக்ஸ் உலாவியில் பயன்படுத்துவதற்காகவே அது பெயர் பெற்றது. அதன் உத்தி, செருகுநிரலை உலாவிக்கு வெளியே எடுத்துவிடுவது. உலாவிக்குள் ஏறுவது ஒரு போலிச் செருகுநிரல்; ஃப்ரீபிஎஸ்டிக்காகவே தொகுக்கப்பட்டது. வெளியே தனியாக ஓடுவது ஒரு சிறிய லினக்ஸ் நிரல். உண்மையான ஃபிளாஷை அது ஏற்றிக்கொள்ளும். உலாவி போலியிடம் சொல்வதெல்லாம் செய்தியாகக் கட்டப்பட்டு, இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் வழியே அந்த நிரலுக்குப் போகும். விடை அதே வழியில் திரும்பும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உலாவி ஒரு விடைக்காகக் காத்திருக்கும்போதே ஃபிளாஷ் எதிர்க்கேள்வி கேட்கும். ‘இந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் அந்த மாறியின் மதிப்பு என்ன?’ அதற்குப் பதில் சொன்னால்தான் முதல் கேள்விக்கு விடை வரும். இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே நின்றுவிடாமல் இதை எழுதுவது கடும் உழைப்பு. உலாவி உறைந்துபோன பல நிமிடங்களுக்கு இத்தகைய சிக்கல்களே காரணம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, படம் திரைக்கு வரும் விதம். யூனிக்ஸ் உலகில் திரையை ஆளும் எக்ஸ் சர்வர், ஒவ்வொரு சாளரத்துக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண் தெரிந்த நிரல் அதற்குள் வரையலாம். அது எந்த இயங்குதளத்து நிரல் என்று எக்ஸ் சர்வர் கேட்பதே இல்லை. ஆகவே ஃபயர்ஃபாக்ஸ் தன் பக்கத்தில் ஒதுக்கிய செவ்வகத்தின் எண்ணை அனுப்பினால் போதும். வேறொரு நிரல், வேறொரு இயங்குதளத்துக்கு எழுதப்பட்டது, அந்தச் செவ்வகத்துக்குள் நேராக வரைந்தது. 1980களில் தொலைதூரக் கணினிகளுக்காகச் செய்த வடிவமைப்பு இப்படி உதவும் என்று அதை உருவாக்கியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒலிக்கும் ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. ஃபிளாஷ் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா வழியே பேச, ஃப்ரீபிஎஸ்டிக்குத் தெரிந்தது ஓஎஸ்எஸ் என்ற வேறோர் ஒலி அமைப்பு. நடுவில் ஓர் இணைப்பு நிரல் வைத்தார்கள்.

பவர்பிசி செயலியில் லினக்ஸ் ஓட்டியவர்களுக்கு இந்த வழியும் இல்லை. செயலியே வேறு என்பதால் அடோபியின் கோப்பு அங்கே வெறும் எண்குவியல். அவர்களுக்கு இருந்த நம்பிக்கை க்னாஷ், அதாவது ஃபிளாஷைப் புதிதாகவே எழுதிய, குனு என்ற கட்டற்ற மென்பொருள் முயற்சியைச் சேர்ந்த திட்டம். 2008 வரை, ஃபிளாஷ் கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பைப் படித்தவர் அதை இயக்கும் நிரலை எழுதக் கூடாது என்று உரிம நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனை அநியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஃபிளாஷ் 9-உடன் வந்த முற்றிலும் புதிய ஸ்கிரிப்ட் இயந்திரத்தை க்னாஷ் எட்டிப் பிடிக்கவே இல்லை.

2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி முடித்துக்கொண்டது. இன்று சாதாரண வீடியோவை உலாவியே இயக்குகிறது; வீடியோத் தரவைப் படமாக விரிக்கும் டிகோடர்களின் மூலநிரல் திறந்திருப்பதால் எந்த இயங்குதளத்திலும் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணத் திரைப்படங்களின் பூட்டைத் திறக்கும் கூகுளின் வைட்வைன், மூலநிரல் இல்லாத லைப்ரரியாகவே வருகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2017-இல் பரிந்துரையாக்கிய இஎம்இ தரம், உலாவி அதனோடு பேசும் முறையை மட்டுமே வரையறுக்கிறது. ஃப்ரீபிஎஸ்டிக்கென்று வைட்வைன் கிடையாது. அங்குள்ள பலர் லினக்ஸ் குரோமை முழுதாகவே லினக்சுலேட்டரில் ஓட்டிப் படம் பார்க்கிறார்கள். ஆல்பைன் லினக்ஸ் லினக்ஸே என்றாலும் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படையான சி லைப்ரரியாக அது மஸில் என்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்ட வைட்வைன் அங்கே அப்படியே ஏறுவதில்லை.