வரப்பு இல்லாத வயல்

2023. தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புக்கு ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது. பாட்டரி செத்திருந்தது. விண்டோஸை அழிக்காமல் அதிலேயே உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும் போடலாம் என்றேன். நம் நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது அது; முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது.

"டிஸ்க்கை ரெண்டா வெட்டுவீங்களா சார்?" என்றாள் ஒரு சிறுமி.

வெட்டுவதில்லை. உள்ளே சுவரோ வரப்போ எதுவும் எழும்புவதில்லை. டிஸ்க் முழுக்க ஒரே வயல். வழக்கமாக 512 பைட் துண்டுகளாக வரிசை எண் போட்டிருக்கும். பார்ட்டிஷன் என்பது பட்டாவில் ஒரு வரிதான்: இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இன்னாருடையது. இந்தப் பட்டாவை எழுதும் பழைய முறையான எம்பிஆரில் (MBR) முதல் துண்டுக்குள்ளேயே 64 பைட்டில் அந்தப் பட்டா முடிந்துவிடும். ஒரு பதிவுக்கு 16 பைட். ஆக, நான்கே பதிவுகள். பிறகு வந்த ஜிபிடி (GPT) முறையில் வழக்கமாக 128 பதிவுகள். பட்டாவின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், முன்னது கெட்டால் மீட்டுக்கொள்ள. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரு வரி எழுத நொடி போதும். நேரம் பிடிப்பது விண்டோஸின் பங்கைச் சுருக்குவதில்தான். விட்டுக்கொடுக்கும் பகுதியில் கோப்புகள் கிடந்தால் அவற்றை இந்தப் பக்கம் நகர்த்தி, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் திருத்திய பிறகே எல்லையை மாற்ற முடியும். கரும்பு நிற்கிற நிலத்தை அப்படியே கைமாற்ற முடியாதல்லவா? பாதியில் கரண்ட் போனால் கோப்பு ஓரிடத்திலும் குறிப்பு வேறிடத்திலுமாகச் சிதறிவிடலாம். அதனால் கோப்புகளை எல்லாம் யுஎஸ்பியில் நகலெடுத்து வைத்துவிட்டு, அன்றைய லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் வந்த பிறகுதான் கை வைத்தேன்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் விண்டோஸின் பகுதியில் எழுதினால் கோப்புகள் கெடும். மற்றபடி, கணினியைப் போட்டதும் எதற்குள் போகவேண்டும் என்று கேட்பது க்ரப் (GRUB) என்னும் சிறு நிரல். அதில் சிக்கல் வரவில்லை.

மறுவாரம் அதே சிறுமி இன்னொன்றைக் கண்டுபிடித்தாள்: விண்டோஸில் மணி இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நாம் பொது நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். உள்ளூர் நேரத்தையே எழுதும்படி உபுண்டுவில் ஒரு கட்டளை கொடுத்தேன். அவளே என்டரைத் தட்டினாள்.