ராணுவ ஓடுபாதையைத் தனியார் கவனிப்பது எப்படி? அமெரிக்க விதிகள்

2000 ஜூலையில் பாரிஸிலிருந்து கிளம்பிய கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தார்கள். சற்று முன் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து கழன்று ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டையில்தான் அந்த விபத்து தொடங்கியது. அது பயணிகள் விமான நிலையம். ராணுவத் தளத்திலும் ஆபத்து ஒன்றுதான். கிடக்கும் திருகாணி, எரியாத விளக்கு, தார் வெடிப்பு, பறவைக் கூட்டம், ஈரத்தில் குறையும் பிடிமானம் எல்லாவற்றையும் ஒருவர் வண்டியில் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். அமெரிக்க விமானப் படையின் சில தளங்களில் இதை ஒப்பந்த ஊழியர்கள் செய்கிறார்கள்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? படைக்குக் கட்டளையிடுவது, ஒப்பந்தம் வழங்குவது போன்றவை அரசு மட்டுமே செய்ய வேண்டியவை. சந்தையில் கிடைக்கும் சேவைகளைத் தனியாரிடம் வாங்கலாம் என்பது வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்திலிருந்து 1966இல் வந்த ஏ-76 என்ற சுற்றறிக்கையின் அடிப்படை. அப்படிப்பட்ட வேலைகளை ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் பட்டியலிட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அரசு ஊழியர் பார்த்துவரும் வேலையை ஏ-76 போட்டி (அரசு ஊழியர் செய்வது மலிவா, தனியார் செய்வது மலிவா என்ற ஒப்பீடு) நடத்தித் தனியாருக்கு மாற்றுவதைப் பாதுகாப்புத் துறையில் 2010 நிதியாண்டுச் சட்டம் நிறுத்திவைத்தது.

சரி, ஒப்பந்தம் போட்டாயிற்று. இனி தளபதி நினைத்தபடி வேலை வாங்கலாமா? முடியாது. ஒப்பந்த ஊழியர் அவருடைய சிப்பாய் அல்ல. ஊழியருக்கு மேலதிகாரி அவருடைய நிறுவனம்தான். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைச் சேர்க்கும் அதிகாரம், அரசின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒப்பந்த அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அதனால் பணி விவரம் எழுதுகிறவரின் பேனாவில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ‘தினமும் ஒரு முறை சோதனை’ என்று மட்டும் எழுதிவிட்டால், புயலுக்குப் பிறகோ, அவசரத் தரையிறக்கத்துக்குப் பிறகோ, ஓடுபாதை ஓரம் கட்டுமான வேலை முடிந்த பிறகோ உடனே போய்ப் பார்க்கச் சொல்ல ஒப்பந்தத்தில் இடம் இருக்காது. குறை தெரிந்தால் எத்தனை நிமிடத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், சோதிக்கிறவரைச் சோதிப்பது யார்? ஒப்பந்த அதிகாரி நியமிக்கும் அரசுப் பிரதிநிதி. அவர் பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டால் போதாது. முன்னறிவிப்பின்றி ஓடுபாதைக்கே போக வேண்டும் என்பேன்.

ஊழியர் கூலியையும் விதி கவனிக்கிறது: 2,500 டாலரைத் தாண்டும் சேவை ஒப்பந்தங்களில், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பகுதிக்குத் தொழிலாளர் துறை நிர்ணயித்த கூலிக்குக் குறைவாகக் கொடுக்க முடியாது.