ஃப்ளைட் லேட்டானா என்ன, கேன்சலானா என்ன: நமக்கு சேர வேண்டியது

ஃப்ளைட் லேட்டானா காசு தருவாங்களான்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. உள்நாட்டு ஃப்ளைட்டுன்னா தரமாட்டாங்க, லேட்டுக்குன்னு பயணிக்கு இவ்வளவு பணம் குடுக்கணும்னு நம்ம ரூல்ல எங்கயும் இல்ல. ஆனா லேட்டுக்கு சாப்பாடு உண்டு, முழு ரீஃபண்ட் உண்டு, சில சமயம் ஹோட்டலும் உண்டு. காசா நஷ்டஈடு வர்றது முக்கியமா ரெண்டு விஷயத்துலதான், ஒண்ணு கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா, இன்னொண்ணு கன்ஃபார்ம் டிக்கெட் இருந்தும் சீட் இல்லன்னு ஏத்தாம விட்டா. இது தெரியாததாலதான் மீனம்பாக்கத்துல கவுண்டர் முன்னாடி ஜனங்க கிடைக்காததைக் கேட்டு மணிக்கணக்கா சண்டை போட்டுட்டு, கிடைக்க வேண்டியதைக் கேக்காமலே வீட்டுக்குப் போயிடறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

இந்த ரூலைப் போட்டது டிஜிசிஏ, விமானத் துறையோட கட்டுப்பாட்டு அமைப்பு. 2010ல வந்தது, 2016லயும் 2019லயும் திருத்தினாங்க. பேரு சிஏஆர் செக்ஷன் 3, சீரிஸ் எம், பார்ட் 4. இந்தப் பேரை ஃபோன்ல எழுதி வச்சுக்கோங்க, கவுண்டர்ல பேசும்போதும் மெயில் போடும்போதும் இதைக் குறிப்பிட்டு கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

லேட் விஷயத்துக்கு வருவோம். நீங்க டைமுக்கு செக்-இன் பண்ணியிருக்கணும், அது அவசியம். பயண நேரம் ரெண்டரை மணி வரைக்கும்னா, அதாவது சென்னை-கோயம்புத்தூர், சென்னை-ஹைதராபாத் மாதிரி, 2 மணி நேரம் லேட் ஆகும்னு தெரிஞ்சாலே சாப்பாடும் குடிக்கவும் அவங்க தரணும். ரெண்டரைலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உள்ள ஃப்ளைட்டுன்னா, நம்ம டெல்லி ஃப்ளைட் இதுல வரும், 3 மணி நேரம் லேட். அதுக்கும் மேல உள்ளதுக்கு 4 மணி நேரம். ராத்திரி 8 மணிலேர்ந்து விடியக்காலை 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல லேட்டானா ஹோட்டல் ரூம் தரணும், அங்க கூட்டிட்டுப் போயி திரும்பக் கொண்டு வந்து விடறதும் அவங்க பொறுப்பு. மத்த நேரத்து ஃப்ளைட்டுன்னா 24 மணி நேரத்துக்கு மேல லேட்டானாதான் ஹோட்டல். வயசானவங்க, வீல்சேர்ல வர்றவங்க கூட இருந்தா அதை மொதல்லயே சொல்லுங்க, அவங்களைத் தனியா கவனிக்கணும்னு ரூல்லயே இருக்கு.

உள்நாட்டு ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா வேற ஃப்ளைட்டா, முழுப் பணமான்னு உங்களைக் கேக்கணும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. லேட்டுன்னு மெசேஜ் வந்ததும் பதட்டத்துல ஆப்ல போயி அவங்களே கேன்சல் பட்டனை அமுக்கிடறாங்க, அப்படிப் பண்ணா அது நீங்களா கேன்சல் பண்ணதா போயிடலாம், கேன்சலேஷன் சார்ஜ் புடிச்சுட்டு மீதிதான் வரும், அப்புறம் அதுக்கு அலையணும். ஏர்லைன் அனுப்பற லிங்க்ல முழு ரீஃபண்ட்னு காட்டுதான்னு பாத்துட்டு அமுக்குங்க, இல்லன்னா கவுண்டர்லயோ மெயில்லயோ எழுத்துல கேளுங்க.

இனி கேன்சல். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்கன்னா மாத்து ஃப்ளைட் இல்ல ரீஃபண்ட், அவ்வளவுதான். ரெண்டு வாரத்துக்கு உள்ள, ஆனா கிளம்பறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வரைக்கும் சொன்னாலும் அதேதான், உங்களுக்கு ஒத்து வர்றதைத் தரணும். அதுக்கும் அப்புறம் சொன்னாதான் நஷ்டஈடு பேச்சே வரும், உங்களுக்கு ஒத்து வர்ற மாத்து ஃப்ளைட் தரணும், இல்லன்னா முழு ரீஃபண்டும் அது போக தனியா நஷ்டஈடும் தரணும். பயண நேரம் 1 மணி வரைக்கும்னா 5,000 ரூபாய், 1லேர்ந்து 2 மணின்னா 7,500, 2 மணிக்கு மேலன்னா 10,000. ஒரே பிஎன்ஆர்ல போட்ட கனெக்டிங் ஃப்ளைட்டைத் தவற விட்டாலும் இது பொருந்தும், தனித்தனியா புக் பண்ணியிருந்தா பொருந்தாது.

இந்தத் தொகையை அப்படியே நம்பிடாதீங்க. இதுவோ, இல்ல உங்க ஒரு வழி பேசிக் ஃபேரும் ஃபியூல் சார்ஜும் சேர்ந்ததோ, எது கம்மியோ அதுதான் தருவாங்க. கோயம்புத்தூருக்கு 4,000 ரூபாய்க்கு டிக்கெட் போட்டீங்கன்னு வைங்க, அதுல பேசிக் ஃபேரும் ஃபியூலும் 2,900, மீதி டாக்ஸும் ஏர்போர்ட் சார்ஜும்னா உங்களுக்கு வர்றது 2,900தான், 7,500 இல்ல. டிக்கெட்டோட இன்வாய்ஸைத் திறந்து பாத்தா இந்தப் பிரிவு தெரியும்.

இன்னொண்ணு, உங்க ஃபோன் நம்பர் ஏர்லைன்கிட்ட சரியா இல்லன்னா நஷ்டஈடு கிடையாது. ஏஜென்ட்கிட்ட புக் பண்ணா பல பேருக்கு ஏஜென்ட் நம்பர்தான் பதிவாயிருக்கும், மெசேஜ் அவருக்குப் போயிடும். புக் ஆனதும் ஏர்லைன் சைட்ல போயி உங்க நம்பரை சேருங்க.

ஓவர்புக்கிங்னு சொல்லி ஏத்தாம விடறதுக்குத்தான் தொகை பெருசு. யாராவது சீட்டை விட்டுக்குடுக்கறீங்களான்னு மொதல்ல கேக்கணும். உங்களை விட்டுட்டு 1 மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட்ல அனுப்பிட்டா ஒண்ணும் இல்ல. 24 மணி நேரத்துக்குள்ளன்னா பேசிக் ஃபேரும் ஃபியூல் சார்ஜும் சேர்ந்ததுல ரெண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000. அதுக்கு மேல ஆனா நாலு மடங்கு, 20,000 வரைக்கும். வேற ஃப்ளைட்டே வேணாம்னு சொன்னா டிக்கெட் பணம் முழுசும் வரும், அதோட இந்த நாலு மடங்கும் உண்டு.

இப்போ சென்னைக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. புயல், வெள்ளம், பனி, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், பாதுகாப்புப் பிரச்சனை மாதிரி ஏர்லைன் கைல இல்லாத காரணம்னா நஷ்டஈடு கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்துல நாள் கணக்கா ஏர்போர்ட் மூடிக் கிடந்தது, 2023ல மிக்ஜாம், 2024 நவம்பர்ல ஃபெஞ்சல், அப்போ எல்லாம் கேன்சல் ஆனதுக்கு 10,000 கேக்க முடியாது, நியாயம்தான். ஆனா நஷ்டஈடுதான் இல்ல, மாத்து ஃப்ளைட் இல்ல ரீஃபண்ட்ங்கறது அப்படியேதான் இருக்கு, காத்திருக்கும்போது சாப்பாடும் கேக்கலாம். 2011ல பனியால லேட்டான ஒரு இண்டிகோ ஃப்ளைட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு, பனி ஏர்லைன் தப்பு இல்ல, ஆனா காத்திருக்கற பயணிக்கு குறைஞ்சபட்ச வசதி பண்ணிக் குடுக்கறது அவங்க கடமைன்னு. மழைங்க நாங்க என்ன பண்றதுன்னு கவுண்டர்ல சொன்னா, சரிங்க, சாப்பாடு எங்கன்னு கேளுங்க.

மழையே இல்லாத நாள்ல வெதர்னு சொன்னா விடாதீங்க. காரணத்தை மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க, போர்டுல காட்டறதை ஃபோட்டோ எடுங்க, மெசேஜை அழிச்சுடாதீங்க. பைலட் பத்தலங்கறது புயல் மாதிரி வர்றது கிடையாது, அது அவங்க திட்டம் போட வேண்டிய வேலை. 2025 டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்கான ஃப்ளைட்டைக் கேன்சல் பண்ணப்ப நடந்தது அதுதான், பைலட் ஓய்வு நேர ரூல் மாறினதுக்கு ஏத்த மாதிரி தயாரா இல்ல.

ரீஃபண்ட் பத்தி சுருக்கமா. கிரெடிட் கார்டுல கட்டினா 7 நாளைக்குள்ள திரும்ப வரணும். கிரெடிட் ஷெல்லுல போட்டு வைக்கறோம், அடுத்த தடவை யூஸ் பண்ணிக்கோங்கன்னு சொன்னா ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, அது உங்க விருப்பம். ஏஜென்ட் மூலமா போட்டிருந்தாலும் பணம் திரும்ப வர்றதுக்கு ஏர்லைன்தான் பொறுப்பு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டினா ஏர்லைனைப் புடிங்க.

தரலன்னா மொதல்ல ஏர்லைன்ல புகாரைக் கவனிக்கற நோடல் ஆஃபீஸருக்கு மெயில், அப்புறம் அப்பீல் அதிகாரிக்கு, ரெண்டு பேர் விவரமும் அவங்க வெப்சைட்ல இருக்கணும். அதோட ஏர்சேவாங்கற அரசாங்க புகார் போர்ட்டல்ல புகார் போடுங்க. 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனும் இருக்கு. அதுக்கும் அசையலன்னா நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கற எடத்துலயே கேஸ் போடலாம், ஏர்லைன் ஆஃபீஸ் குர்கான்ல இருந்தாலும் கேஸ் சென்னைலதான் நடக்கும். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸே இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதி சைட்ல ஆன்லைன்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். கல்யாணத்துக்குப் போக முடியல, வேலை இண்டர்வியூ போச்சுன்னா அந்த நஷ்டத்தையும் அங்க கேக்கலாம், டிஜிசிஏ ரூல்ல அதுக்கு வழி இல்ல.

வெளிநாடு போறவங்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய யூனியன் ரூல் அங்கேர்ந்து கிளம்பற எந்த ஏர்லைனுக்கும் பொருந்தும், இங்கேர்ந்து போகும்போது ஐரோப்பிய ஏர்லைனா இருந்தா பொருந்தும். சென்னைலேர்ந்து லுஃப்தான்ஸால ஃப்ராங்ஃபர்ட் போயி 4 மணி நேரத்துக்கு மேல லேட்டா சேர்ந்தா, காரணம் அவங்க கைமீறினது இல்லன்னா, 600 யூரோ. அதே ஊருக்கு துபாய் ஏர்லைன்ல போறப்ப இது கிடையாது, அங்கேர்ந்து திரும்பி வர்றப்ப உண்டு. மத்த வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கு, இந்தியால 2009லேர்ந்து அமல்ல இருக்கு, லேட்டால உங்களுக்கு நிஜமா ஆன செலவுக்கு பில் காட்டினா அதுல கேக்கலாம், அதனால ஹோட்டல், டாக்ஸி, சாப்பாடு பில் ஒண்ணு விடாம எடுத்து வைங்க, இதுக்கும் கெடு ரெண்டு வருஷம்தான்.