சாவிக்குள் ஒரு அரிசிமணி

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரின் சாவிக்கூடு உடைந்ததால் ஒரு கடையில் புதுக் கூடு மாற்றினாராம். ரிமோட்டில் கதவு திறக்கிறது, சாவி திரும்புகிறது, செல்ஃபும் எடுக்கிறது. ஆனால் எஞ்சின் இரண்டு விநாடி ஓடிவிட்டு அணைந்துவிடுகிறது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. வீட்டில் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டார்கள்.

கோளாறு பெரும்பாலும் அந்தப் பழைய கூட்டுக்குள்தான் இருக்கும். தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு குழியில் அரிசிமணி போன்ற கண்ணாடிக் குப்பியோ, கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டோ செருகியிருக்கும். அதுதான் இம்மொபிலைசர் சிப், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டின் சிப். சில சாவிகளில் ரிமோட் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். பலவற்றில் தனியாக இருக்கும். கூடு மாற்றுபவர் அதை எடுத்துவைக்க மறந்தால் ரிமோட் வேலை செய்யும், எஞ்சின் ஓடாது. இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள். ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும், சிப்புக்கு வேண்டாம்.

பேட்டரி இல்லாமல் அது எப்படிப் பேசுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாவித் துளையைச் சுற்றி வளையமாக ஒரு காயில் (கம்பிச்சுருள்) இருக்கிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் அதில் விநாடிக்குச் சுமார் 1,25,000 முறை முன்னும் பின்னும் போய்வரும் மின்னோட்டம் பாய்கிறது. பள்ளியில் படித்த டிரான்ஸ்ஃபார்மர்தான்: மாறும் காந்தப்புலம் சிப்பின் குட்டிக் காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்க, சிப் விழித்துக்கொள்கிறது.

சரி, பதில்? அதற்குச் சொந்தமாக அலை அனுப்பும் சக்தி கிடையாது. ஊஞ்சலில் ஒரு குழந்தையை உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஆட்டுகிறீர்கள் என்று வையுங்கள். குழந்தை வாய் திறக்கவில்லை. காலை மட்டும் தரையில் உரசுகிறது, தூக்குகிறது, மறுபடி உரசுகிறது. அந்த இழுவை உங்கள் உள்ளங்கையில் தெரியும். சிப் செய்வதும் அதே. தன் காயிலின் மீது சுமையை ஏற்றி இறக்குகிறது. காரின் காயிலில் மின்னழுத்தம் துளித்துளியாக ஏறி இறங்குகிறது. அதையே கார் 0, 1 என்று படித்துக்கொள்கிறது. கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்கும். தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு சிப் விடை சொல்லும். விடை தப்பினால் எரிபொருள் நின்றுவிடும்.

என் காரிலேயே சோதித்துப் பார்த்தேன். சாவியின் தலையில் அலுமினியத் தாளை நாலைந்து சுற்று சுற்றினேன். வண்டி கிளம்பவில்லை. தாளை உரித்தேன், கிளம்பிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் 1998 முதல் கட்டாயம். ஆனால் எல்லாச் சிப்பும் பலமானதல்ல. 40 பிட் (நாற்பது 0, 1 இலக்கங்கள்) நீள ரகசிய எண் கொண்ட ஒரு வகையை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். மெகாமோஸ் என்ற சிப் வகையின் பலவீனத்தை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவர்களின் கட்டுரைக்கே தடை போட்டது. அது வெளிவர 2015 ஆயிற்று. எனக்கு இதில் கோபம் உண்டு. ஓட்டை இருப்பதைச் சொன்னவரை வாயடைத்தால் ஓட்டை அடைபடாது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களிலும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகரின் வண்டிக்கு வருவோம். முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் பழுது சாவியில்தான். அதிலும் ஓடாவிட்டால் சாவித் துளையைச் சுற்றியுள்ள காயிலின் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வளையத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி தொங்கினாலும் இரண்டு பதில்கள் கலந்து குழப்பலாம், கழற்றிவிட்டு முயலுங்கள். எலுமிச்சம்பழம் கட்டியவர்கள் உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் கட்டியிருப்பார்கள். அவர்களிடமே அந்தப் பழைய கூட்டைக் காட்டி, சிப்பை உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். பிறகு அதைப் புதுக் கூட்டுக்குள் செருகிவிடுங்கள். சிப் தொலைந்திருந்தால், புதுச் சிப் வாங்கி காரின் கணினியில் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு வேலை செய்யும் இன்னொரு சாவி கையில் இருந்தால் செலவு நிறையக் குறையும்.