மூன்று மடங்கு வளரணும், சரி. எந்தக் கணக்கில்?

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்டு வருபவர்களிடம், ஐந்து வருஷத்தில் எவ்வளவு வளர வேண்டும் என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் ‘டபுள்’ என்பார்கள். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் விடாமல் வளர வேண்டும் என்றதும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடும் ஒரு அக்கா டபுளோடு நிற்கவில்லை. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குளிர்பதன அறை கட்டக் கடன் வாங்க வந்திருந்தார். “மீன் ஏற்றுமதி மட்டும் அறுபதாயிரம் கோடியாமே சார். நாம மூணு மடங்குன்னு போட்டுக்கலாம்” என்றார். மூன்று மடங்குக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் வேண்டும்.

அவர் சொன்ன எண் பொய்யில்லை. எம்பெடா என்கிற கடல்பொருள் ஏற்றுமதி ஆணையம் வெளியிட்ட கணக்குதான். 2023-24-இல் 17.81 லட்சம் டன், மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்: 17.35 லட்சம் டன், 63,969 கோடி. எடை கூடியிருக்கிறது, பணம் குறைந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் பணத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறாலுக்கு வந்தது. அதில் பெரும்பகுதி ஆந்திரா பக்கம் பண்ணைகளில் வளர்கிறது. அக்கா விற்பதோ வஞ்சிரமும் சங்கராவும்.

அவருக்குப் பொருந்தும் எண், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் சொல்லும் கணக்கில் இருந்தது. 2023-இல் நாடு முழுக்கக் கரைக்கு வந்த கடல் மீன் 35.3 லட்சம் டன், 2024-இல் 34.7 லட்சம் டன். சரக்கே கூடவில்லை. அப்படியிருக்க ஆண்டுக்கு 25 சதவீதம் கூடுதலாக எடுக்க வேண்டுமானால், ஏலத்தில் பக்கத்தில் நிற்கிறவரின் கூடையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் சும்மா விடுவாரா?

தையல் யூனிட்டோ பேக்கரியோ, எந்தத் தொழிலுக்கும் இதே கதைதான். துறை 12 சதவீதம் வளர்கிறது என்று படித்தால், அது ரூபாயிலா எடையிலா, அதில் விலைவாசி ஏற்றம் எவ்வளவு, யாரையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று பாருங்கள். சிறு தொழில் பதிவுக்கான உங்கள் உத்யம் சான்றிதழில், தொழில் வகையைச் சொல்லும் என்ஐசி என்று ஒரு குறியீடு இருக்கும். அரசுப் புள்ளிவிவரங்களில் உங்கள் தொழில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கண்டுபிடிக்க அது உதவும். பல பேர் அதை யாரோ போட்டுக் கொடுத்தபடி விட்டிருக்கிறார்கள், தப்பான குறியீடாகவும் பார்த்திருக்கிறேன்.

வாங்குகிறவர் பக்கம் பார்க்க, மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நல்லது. 2022-23-இல் தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரி 7,630 ரூபாய், இந்திய நகரங்களின் சராசரி 6,459. ஆனால் மாநிலச் சராசரியைக் கொருக்குப்பேட்டைத் தெருவுக்கு அப்படியே ஒட்ட முடியாது. மக்கள்தொகையும் அப்படித்தான், 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு நடந்து முடிந்து எண் வரவில்லை. எங்கள் பக்கம் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததே 2021-இல்தான், அதற்குப் பிறகு வந்த மாற்றம் அந்தப் பழைய எண்ணில் இருக்காது.

இன்னொரு இலவசச் சுரங்கம், பங்குச் சந்தைக்கு வரும் கம்பெனிகள், சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கொடுக்கும் வரைவு ஆவணம். அதில் துறையைப் பற்றியே ஒரு தனி அத்தியாயம் இருக்கும். ஆனால் அந்த அறிக்கை பெரும்பாலும் அந்தக் கம்பெனியே காசு கொடுத்து எழுதி வாங்கியது, அதையும் அங்கேயே போட்டிருப்பார்கள். அதில் சொல்வதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கணும்.

அப்புறம் அக்காவின் சொந்த நோட்டைத் திறந்தோம். இரண்டு வருஷத்து பில்களை மாதவாரியாகப் பிரித்தால், விற்பனை ரூபாயில் 11 சதவீதம் கூடியிருந்தது, கிலோவில் 2 சதவீதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால் மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிடக் கூடாது, போன மே மாதத்தோடுதான் ஒப்பிடணும். அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தடைக்காலத்தில் நின்றுபோன ஓட்டல்களில் இரண்டு ஜூலையிலும் திரும்பவில்லை. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும், மே முழுக்க அங்கிருந்து மீன் வரவழைத்துக் கொடுத்திருக்கலாம்.

நோட்டில் வீணாகும் மீனுக்கென்று ஒரு பத்தியே இல்லை. நூறு கிலோ எடுத்தால் எத்தனை கிலோ பில் ஆகிறது என்று மூன்று மாதம் எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

கடைசியில் எழுதிய இலக்கு இது: எடை ஆண்டுக்கு 4 சதவீதம், வெட்டிச் சுத்தம் செய்து விற்கும் பங்கு இப்போது கால்வாசி, ஐந்தாம் ஆண்டில் பாதி, தடைக்காலத்தில் ஒரு ஓட்டலும் கைவிட்டுப் போகக் கூடாது. குளிர்பதன அறை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போனது, அதுவும் சின்னதாக. ஒவ்வொரு ஏப்ரல் 15-ஆம் தேதியும் கணக்கைத் திரும்பப் பார்ப்பதாக ஏற்பாடு.

“அன்னிக்குத்தான் சார் எனக்கும் லீவு” என்றார் அக்கா.