பெயரில்லாத டொராய்டு கோர் எது?

பழைய பவர் சப்ளைகளையும் பழுதான போர்டுகளையும் பிரித்துப் போட்டால் கடைசியில் ஒரு டப்பா நிறைய டொராய்டு கோர்கள், அதாவது கம்பி சுற்றிச் சுருள் செய்யப் பயன்படும் காந்தப்பொருள் வளையங்கள், மிஞ்சும். பெரும்பாலும் எண் எதுவும் அச்சிட்டிருக்காது. மஞ்சள் வளையத்தில் ஒரு முகம் மட்டும் வெள்ளையா, 26ஆம் வகை இரும்புத்தூள் கோர். சிவப்பா, 2ஆம் வகை என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வண்ணம் வெறும் வழக்கம்தான். அதே பெயிண்டை யாரும் எதன் மேலும் அடிக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண்: இரும்புத்தூளும் ஒட்டும், ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற காந்தப்பொருளும் ஒட்டும்.

அதைவிட எனாமல் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, அந்தச் சுருளின் மின்தூண்டலை அளந்துவிடலாம். கம்பி ஓட்டைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. வெளியே தெரியும் வளைவுகளை எண்ணி நான் ஏமாந்ததுண்டு. சுற்றின் வர்க்கம் கணக்கில் வருவதால், பத்துக்குப் பதில் ஒன்பது சுற்றியிருந்தால் அளவு 19 சதவீதம் குறையும்.

வெளிவிட்டம் 9.5 மி.மீ., உள்விட்டம் 4.75, உயரம் 3.2 உள்ள ஒரு கறுப்பு வளையம். பத்துச் சுற்றுக்கு எல்சி மீட்டர் (மின்தூண்டலை அளக்கும் கருவி) 35 மைக்ரோஹென்றி காட்டுகிறது. அதாவது 35,000 நானோஹென்றி; அதைச் சுற்றின் வர்க்கமான 100ஆல் வகுத்தால் 350. அப்புறம் 0.2 என்ற மாறிலியை உயரத்தாலும், விட்டங்களின் விகிதத்துக்கான இயல் மடக்கையாலும் (இங்கே 0.693) பெருக்கினால் 0.44. 350ஐ இதனால் வகுத்தால் உட்புகுதிறன் (காந்தப்புலத்தை அந்தப் பொருள் எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்ற எண்) ஏறக்குறைய 790. இரும்புத்தூள் கோர் 100ஐத் தாண்டுவது அரிது. தூள் மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் காந்தப்பாதையை அறுத்து அறுத்து விடுகின்றன. ஆக இது ஃபெரைட். ஃபெரைட்டில் 20 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம், அதனால் 800 என்று குறிக்கப்படும் 43ஆம் வகையாக இருக்கலாம்.

எந்த ஃபெரைட் என்பதற்கு மல்டிமீட்டர் கொஞ்சம் உதவும். பெயிண்டைச் சுரண்டி மீட்டரின் இரு முனைகளையும் வைத்து மின்தடையை அளந்தால், மாங்கனீசு-துத்தநாக வகை பெரும்பாலும் கிலோஓம் கணக்கில் ஏதாவது காட்டும். நிக்கல்-துத்தநாக வகையில் மீட்டர் அசையாது.

இத்தனையும் செய்தாலும் கோர் வெப்பமாக விழுங்கும் ஆற்றல், அதாவது இழப்பு, எவ்வளவு என்பது தெரியாது. 26ஆம் வகை எஸ்எம்பிஎஸ் (கணினியில் உள்ளது போன்ற ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) வடிகட்டியில் நன்றாகவே உழைக்கும். ரேடியோ அலைவரிசைச் சுற்றில் போட்டால் சிக்னலை விழுங்கிவிடும். இழப்பை அறிய, வேலை செய்யப்போகும் அதிர்வெண்ணிலேயே ஒரு மின்தேக்கியோடு ஒத்ததிர வைத்து, உச்சம் கூராக வருகிறதா, மழுங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.